ஸ்லீப் ஸ்டடி டெக்னீஷியன் ராத்திரி முழுக்க என்னதான் பண்றாங்க? என் வேலைய பத்தி பேசலாம் வாங்க

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு என் வேலைய பத்தி பேசப்போறேன், நிறைய பேர் கேட்டுட்டே இருந்தீங்க. ஸ்லீப் லேப்ல, அதாவது தூக்கத்துல வர்ற கோளாற ராத்திரி படுக்க வச்சு கண்டுபிடிக்கிற எடத்துல வேலைன்னு சொன்னாலே அடுத்த கேள்வி, "ஒருத்தர் தூங்குறத பாத்துட்டு உக்காந்திருக்கணும், அவ்ளோதானே?" அப்டின்னுதான் வரும். அப்படி இல்லங்க. அந்த ஒரு ராத்திரில நாங்க எடுக்குற ரெக்கார்டிங்க வச்சுதான் அவருக்கு ட்ரீட்மென்ட் வேணுமா வேணாமான்னு டாக்டர் முடிவு பண்ணுவாங்க, அதுல ஒரு வயர் சரியில்லன்னா கூட முடிவே மாறிப்போக வாய்ப்பிருக்கு.

வேலையே சாயங்காலம் வயர் ஒட்டுறதுலதான் ஆரம்பிக்குது. முதல்ல இஞ்ச் டேப் எடுத்து தலைய அளக்கணும். மூக்கும் நெத்தியும் சேர்ற எடத்துல ஒரு பள்ளம் இருக்கும்ல, அங்கேர்ந்து பின்மண்டைல கை வச்சா ஒரு மேடு தட்டுப்படும் பாருங்க, அது வரைக்கும். அப்புறம் இந்தக் காது முன்னாடிலேர்ந்து அந்தக் காது முன்னாடி வரைக்கும். அந்த அளவ 10 சதவீதம் 20 சதவீதம்னு பிரிச்சு பென்சில்ல மார்க் பண்ணுவோம், 10-20 சிஸ்டம்னு பேரு. ஒவ்வொருத்தர் மண்டையும் ஒவ்வொரு சைஸ், குத்துமதிப்பா ஒட்டினா வலது பக்கமும் இடது பக்கமும் சமமா வராது, மூளை அலையும் தப்பாத்தான் தெரியும். மார்க் பண்ண எடத்துல முடிய விலக்கி, ஜெல் வச்சு தோல தேச்சு, பேஸ்ட் வச்சு எலக்ட்ரோட அழுத்தணும். அப்புறம் இம்பீடன்ஸ், அதாவது தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவுல சிக்னலுக்கு எவ்ளோ தடை இருக்குன்னு செக் பண்ணா 5 கிலோ ஓமுக்கு கீழ வரணும். வரலன்னா எடுத்துட்டு மறுபடி தேய்க்கணும், அதுல சோம்பேறித்தனமே படக்கூடாது.

தலையோட முடியல. கண்ணு ஓரத்துல ரெண்டு, தாடைல, ரெண்டு கால்லயும் முழங்காலுக்குக் கீழ முன்பக்க சதைல, நெஞ்சுல ஈசிஜி, மூக்குல காத்து அளக்குற ட்யூப், நெஞ்சுக்கு ஒரு பெல்ட் வயித்துக்கு ஒரு பெல்ட், விரல்ல ஆக்ஸிஜன் பாக்குற கிளிப். இதெல்லாம் மாட்டி முடிக்கும்போது எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க, "இவ்ளோ வயரோட எனக்கு எப்டிங்க தூக்கம் வரும்?" வரும்ங்க, நம்புங்க. வீட்ல தூங்குற அளவுக்கு நல்லா வராது, புது எடத்துல முதல் தடவ தூக்கம் கெடும்னு டாக்டருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒட்டிட்டு இருக்கும்போதே ஒவ்வொரு வயரும் எதுக்குன்னு சொல்லிட்டே போவேன், பாத்ரூம் போகணும்னா படுத்த எடத்துலேர்ந்தே சொல்லுங்க மைக்ல கேக்கும், வந்து எல்லா வயரும் சேர்ற இந்த ஒரு பாக்ஸ மட்டும் கழட்டி கழுத்துல மாட்டி விட்டுடுவேன்னு சொல்லுவேன். இத கேட்டதும் நிறைய பேருக்கு தோள் அப்டியே இறங்கும், அவங்க பயந்துட்டு இருந்ததே அதுக்குத்தான்.

லைட் ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஸ்பீக்கர்ல பேசி ஒரு செக்கிங். கண்ண மூடுங்க, திறங்க, தலைய ஆட்டாம இடது வலது பாருங்க, 5 தடவ சிமிட்டுங்க, பல்ல கடிங்க, பாதத்த மேல மடக்குங்க, மூச்ச கொஞ்சம் அடக்குங்க. வேடிக்கையா தெரியலாம், ஆனா அவரு மூச்ச அடக்கும்போது என் ஸ்கிரீன்ல அந்தக் கோடு படுக்கலன்னா ராத்திரி நிஜமாவே மூச்சு நிக்கும்போதும் எனக்கு தெரியாதுல்ல?

அதுக்கப்புறம் ஸ்கிரீன்தான். 30 செகண்டுக்கு ஒரு பக்கம், 8 மணி நேரம்னா 960 பக்கம். கண்ண மூடினதும் பின்மண்டைல ஒரு செகண்டுக்கு 8லேர்ந்து 13 தடவ ஏறி இறங்குற ஆல்ஃபா அலை தெரியும், அது கலைஞ்சு கண்ணு மெதுவா உருள ஆரம்பிச்சா தூக்கம் வந்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம் என்2, ஆழ்ந்த தூக்கமான என்3, கண்ணு வேகமா அசைஞ்சு கனவு அதிகமா வர்ற ரெம்னு போகும். (பழைய புத்தகத்துல ஸ்டேஜ் 4னு ஒன்னு படிச்சிருப்பீங்க, 1968லேர்ந்து இருந்த முறை அது, 2007ல அதையும் ஸ்டேஜ் 3யையும் சேத்து என்3 ஆக்கிட்டாங்க.)

இப்ப அப்னியா, அதாவது தூக்கத்துல மூச்சு நின்னு போறது, ஸ்கிரீன்ல எப்டி தெரியும்னு சொல்றேன். நல்லா குறட்டை விட்டுட்டு இருப்பாரு, திடீர்னு சத்தம் நிக்கும். மூக்கு கோடு நேரா படுத்துரும். ஆனா பெல்ட் ரெண்டும் ஆடிட்டேதான் இருக்கும், நெஞ்சு உள்ள போனா வயிறு வெளிய வரும், ஒன்னுக்கொன்னு எதிர்த்திசைல. அதாவது உடம்பு மூச்சிழுக்க போராடுது, தொண்டை அடைச்சிருக்கு. பெல்ட்டும் சேந்து நின்னுட்டா அது வேற வகை, மூளைலேர்ந்தே சிக்னல் வரலன்னு அர்த்தம். 10 செகண்ட் தாண்டினாதான் கணக்கு, சிலருக்கு 40, 50 செகண்ட் கூட போகும். ஆக்ஸிஜன் உடனே இறங்காது, கொஞ்சம் லேட்டாதான் இறங்க ஆரம்பிக்கும். அப்புறம் மூளை உலுக்கி எழுப்பும், ஒரு பெரிய மூச்சு, மறுபடி தூக்கம். காலைல கேட்டா அவருக்கு ஒன்னுமே ஞாபகம் இருக்காது.

போய் எழுப்பக்கூடாதான்னு கேப்பீங்க. புதுசா வர்றவங்களுக்கு இந்த வேலைல ரொம்ப கஷ்டமான விஷயமே இதான். எழுப்பினா ரெக்கார்ட் ஆகாது, ரெக்கார்ட் ஆகலன்னா ட்ரீட்மென்ட் கிடைக்காது. ஆக்ஸிஜன் எவ்ளோ இறங்கினா, ஹார்ட் ரிதம் எப்டி மாறினா உள்ள போகணும், டாக்டர கூப்பிடணும்னு எழுதி வச்ச ப்ரோட்டோகால் இருக்கு. அது வர்ற வரைக்கும் கண்ண எடுக்காம பாத்துட்டு இருக்கணும்.

முதல் 2 மணி நேரத்துலயே சிவியர்னு தெரிஞ்சா, டாக்டர் ஆர்டர் இருந்தா, மீதி ராத்திரிக்கு சிபாப் மாஸ்க் மாட்டுவோம். 1981ல ஆஸ்திரேலியால காலின் சல்லிவன்ங்கற டாக்டர் கொண்டு வந்த முறை, காத்து அழுத்தத்தாலயே தொண்டைய திறந்து வைக்கறது. ப்ரெஷர 4ல (சென்டிமீட்டர் தண்ணி கணக்குல) ஆரம்பிச்சு, குறைஞ்சது 5 நிமிஷம் பாத்து பாத்துதான் ஒவ்வொன்னா ஏத்தணும். மாஸ்க்க சாயங்காலமே ஒரு தடவ முகத்துல வச்சு பழக்கிடுவேன், நடுராத்திரி தூக்கக் கலக்கத்துல முதல் தடவயா மூஞ்சில வச்சா யாரா இருந்தாலும் பயந்துருவாங்க. சரியான ப்ரெஷர் வந்ததும் அந்தக் கோடெல்லாம் ஒழுங்காகி, ரொம்ப நாளா கிடைக்காத ரெம் தூக்கம் நீளமா வரும் பாருங்க, அத பாக்கறதுக்காகவே எத்தனை நைட் ஷிஃப்ட் வேணா பாக்கலாம்னு தோணும் எனக்கு.

இன்னொன்னு, விடிகாலை மூணு மணிக்கு உள்ள வந்து மூக்கு ட்யூப சரி பண்ணா கோச்சுக்காதீங்க. ரெம் தூக்கம் விடியப்போற நேரத்துலதான் அதிகம், அப்ப உடம்பு தசையெல்லாம் தளர்ந்துடும், அப்னியா அதிகமா வர்றதும் அப்பதான். அந்த நேரம் பாத்து ட்யூப் நழுவிக் கிடந்தா உங்க ரிசல்ட் மைல்டுனு வந்துரலாம். ஏஹெச்ஐனு ஒரு நம்பர், தூங்குன ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவ மூச்சு நின்னுச்சு இல்ல குறைஞ்சுச்சுங்கற கணக்கு. 5லேர்ந்து மைல்டு, 15லேர்ந்து மாடரேட், 30க்கு மேல சிவியர். ஒரு மணி நேரம் சிக்னல் போனா கூட இந்த நம்பர் ஏமாத்திரும்.

காலைல பேஸ்ட்ட தொடச்சு விடும்போது எல்லாரும் "எனக்கு இருக்கா இல்லையா?"ன்னு கேப்பாங்க. சொல்ல மாட்டோம், சொல்லவும் கூடாது. அந்த 960 பக்கத்தயும் ஒவ்வொன்னா ஸ்கோர் பண்ணி டாக்டர் பாத்து சொல்லணும். ஆனா ரிப்போர்ட் கைக்கு வரும்போது மொத்த ஏஹெச்ஐ மட்டும் பாத்துட்டு வந்துராதீங்க. மல்லாந்து படுத்தப்ப எவ்ளோ, ரெம்ல எவ்ளோ, ஆக்ஸிஜன் எது வரைக்கும் இறங்குச்சு, ரெம்மே வராம போச்சா, இதெல்லாம் டாக்டர்கிட்ட தனித்தனியா கேளுங்க. அடுத்த வீடியோல பகல் நேரத்துல 2 மணி நேரத்துக்கு ஒரு தடவ குட்டித்தூக்கம் போட வச்சு பாக்குற டெஸ்ட் பத்தி சொல்றேன், பகல்ல அடக்க முடியாம தூக்கம் வர்ற நார்கோலெப்சிங்கற வியாதிக்கு பண்றது, அது தனி கதை.