கணையத்துக்கு ஓர் ஊசி: ஒருவருக்கு ஒன்று

வணக்கம் நேயர்களே. தடுப்பூசி என்றாலே நோய் வருமுன் போட்டுக்கொள்வது என்றுதான் பழகியிருக்கிறோம். நான் சொல்லப்போகும் ஊசி, கணையப் புற்றுக் கட்டியை அறுத்தெடுத்த பிறகு, அந்த ஒருவருக்கென்றே தயாராவது.

கணையக் கட்டியில் மரபணுப் பிறழ்வுகள் குறைவு. ‘இது அந்நியம்’ என்று நம் டி அணுக்கள், அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகை, பிடித்துக்கொள்ள அதிகம் கிடைப்பதில்லை. போதாததற்குச் சுற்றிலும் கெட்டியான நார்த்திசு. அதனால்தான் வேறு புற்றுகளில் கைகொடுத்த நோயெதிர்ப்பு மருந்துகள், தனியாகக் கொடுத்தபோது இதில் பெரும்பாலும் பலிக்கவில்லை.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் வினோத் பாலச்சந்திரன் குழுவினர், அறுத்தெடுத்த கட்டியை ஜெர்மனியின் பயோஎன்டெக் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கட்டியின் மரபணுவையும் அதே நோயாளியின் ரத்தத்து மரபணுவையும் ஒப்பிட்டு, கட்டியில் மட்டும் உள்ள பிறழ்வுகளைப் பிரித்தார்கள். அதிகபட்சம் 20 பிறழ்வுகளை, புரதம் செய்ய அணுக்களுக்குக் குறிப்புத் தரும் எம்ஆர்என்ஏவில் எழுதி, கொழுப்புத் துகளில் பொதிந்தார்கள். அந்தப் பிறழ்வுகளை டி அணுக்களுக்கு அடையாளம் காட்டுவதே இந்த ஊசியின் வேலை. புஜத்தில் போடுவதல்ல, ரத்தக்குழாய் வழியே ஏற்றுவது. ஒரு தடவைக்கு 25 மைக்ரோகிராம்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் அடெசோலிசுமாப் ஒரே ஒரு தவணை. டி அணுக்களுக்குப் போடப்பட்ட ‘பிரேக்’கை விடுவிக்கும் மருந்து அது. அறுவைக்கு ஏறக்குறைய 9 வாரம் கழித்து ஊசி தொடங்கும், 8 தவணை. அதன் பிறகே கீமோ. கீமோ வெள்ளையணுக்களைக் குறைக்கும் என்பதால், படையை முன்பே திரட்டிவிடுகிறார்கள். கடைசியில் ஒரு பூஸ்டர்.

எல்லாருக்கும் ஊசி எட்டவில்லை. சிலருக்குக் கட்டியில் தேவையான பிறழ்வுகள் கிடைக்கவில்லை. சிலருக்கு ஊசி தயாராகுமுன் நோய் முந்திக்கொண்டது. போட்டுக்கொண்டவர்கள் 16 பேர். அவர்களில் 8 பேருக்குக் கட்டியின் பிறழ்வுகளை அடையாளம் காணும் டி அணுக்கள் பெருகின. சுமார் 3 ஆண்டு கண்காணிப்பில், அந்த 8 பேரில் 2 பேருக்கு நோய் திரும்பியது. பெருகாத 8 பேரில் 7 பேருக்கு.

அசரவைக்கும் கணக்குதான். ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு சோதனை இது. உடம்பு ஏற்கெனவே நல்ல நிலையில் இருந்தவர்களுக்குத்தான் டி அணுக்கள் பெருகினவோ என்ற கேள்வி நியாயமானதே. கோவிட் தடுப்பூசிக்கு இரு பிரிவினரின் உடலும் ஒரேமாதிரி எதிர்வினை காட்டியது என்பது அந்த ஐயத்தைச் சற்றே குறைக்கிறது, தீர்க்கவில்லை. அதற்காகவே 2023இல் 260 பேரை இலக்காகக் கொண்டு இரண்டாம் கட்டச் சோதனை தொடங்கியது. ஒரு பாதிக்கு வழக்கமான கீமோ மட்டும். அறுவை செய்ய முடியாத நிலையில் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனையில் இடமில்லை.