மலைத் தண்ணீரும் மண்ணில்லாப் பயிரும்

நேயர்களுக்கு வணக்கம்.

சமவெளியிலிருந்து நீலகிரிக்கு வருகிறவர்கள் குளிக்கும்போதே ஒன்றைக் கவனிப்பார்கள்: எத்தனை முறை தண்ணீர் ஊற்றினாலும் சோப்பின் வழுவழுப்பு உடம்பை விட்டுப் போகாது. சோலைகளிலிருந்து இறங்கி வரும் ஊற்று நீர் அவ்வளவு மென்மை. இங்குள்ள சார்னோக்கைட் பாறை லேசில் கரையாது. அதனால் அதன்மேல் ஓடிவரும் நீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகக் குறைவு. பருப்பு வேகவைக்கவும் டீ போடவும் அருமையான தண்ணீர். ஆனால் பாலிஹவுஸில் குழாய் போட்டு லெட்டூஸ் என்ற சாலட் கீரை வளர்க்கிறவர்கள் இதைச் சத்தில்லாத தண்ணீர் என்றே கணக்கில் எடுக்க வேண்டும். மண் இருந்தால் அது கொஞ்சமாவது கொடுக்கும். மண்ணில்லாமல் உரநீரில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸில் நாம் போடுவதுதான் செடிக்குக் கிடைக்கும்.

தவறு பெரும்பாலும் கடின நீருக்கென்று கலந்த உரப் பாக்கெட்டில் தொடங்குகிறது. நீரில் கரைந்த கால்சியம், மெக்னீசியத்தின் அளவுதான் கடினத்தன்மை. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள போர் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். அதிலேயே சுமார் 80 மில்லிகிராம் கால்சியம் இருக்கலாம். லெட்டூஸுக்கு 150 வேண்டும். மீதிக்கு 1,000 லிட்டர் தொட்டியில் 350 கிராம் கால்சியம் நைட்ரேட் போதும். அதே அளவை மலைத் தண்ணீரில் போட்டால் கால்சியம் எழுபதைத் தொடுவதே கஷ்டம். தேவையில் பாதிகூட இல்லை.

நீரின் மின்கடத்தும் திறனை வைத்து உப்பின் அளவைக் காட்டும் இ.சி. மீட்டரில் 1.6 வரும்வரை அதே பாக்கெட்டைக் கூடுதலாகக் கொட்டுகிறவர்களும் உண்டு. மீட்டருக்கு மொத்த உப்புதான் தெரியும், எது எவ்வளவு என்று தெரியாது. அப்படிக் கொட்டும்போது பொட்டாசியம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அது வேரில் கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் போட்டி போடும். உள்ளே விரியும் இளம் இலையின் ஓரம் பழுப்பாகிக் கருகினால் கால்சியம் எட்டவில்லை. அடி இலையில் நரம்பு பச்சையாக நிற்க, நடுவில் மஞ்சள் பரவினால் மெக்னீசியம் போதவில்லை.

ஆகவே முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். மீன்தொட்டிக் கடைகளில் ஜி.எச்., கே.எச். என்று இரண்டு சொட்டு மருந்துக் குப்பிகள் கிடைக்கும். ஜி.எச். கடினத்தன்மையைக் காட்டும், கே.எச். காரத்தன்மையை, அதாவது பைகார்பனேட்டின் அளவை. இரண்டும் ஒன்றல்ல. 5 மில்லி தண்ணீரில் ஜி.எச். மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்குங்கள். சிவப்பு பச்சையாக மாறும்வரை எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். சொட்டு ஒன்றுக்கு லிட்டருக்கு 18 மில்லிகிராம் கடினத்தன்மை. மலைத் தண்ணீரில் முதல் சொட்டிலேயே பச்சை வந்துவிடலாம். அப்படியானால் 10 மில்லி எடுத்து, சொட்டுக்கு 9 என்று கணக்கிடுங்கள். கே.எச். குப்பியில் நீலம் மஞ்சளாகும்.

மென்னீருக்கு 1,000 லிட்டருக்கான அளவு இது: கால்சியம் நைட்ரேட் 750 கிராம், மெக்னீசியம் சல்பேட், அதாவது எப்சம் உப்பு, 400 கிராம். இரண்டையும் தனித்தனி வாளியில் கரையுங்கள். கெட்டியான கரைசலாக ஒரே வாளியில் சேர்த்தால் ஜிப்சம் வெள்ளையாக அடியில் படியும். போட்ட கால்சியம் அங்கேயே வீணாகும். பாஸ்பேட் உரமும் கால்சியம் வாளிக்குள் போகக் கூடாது.

அடுத்து பி.எச்., அதாவது நீரின் அமில-கார நிலை. மென்னீரில் பைகார்பனேட் இல்லாததால் அதைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. நேராக அமிலம் ஊற்றினால் ஏழிலிருந்து நாலுக்கு விழுந்துவிடும். 10 மில்லி பாஸ்பாரிக் அமிலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்துகொண்டு (தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும்) அந்தக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். உப்பே இல்லாத தண்ணீரில் பி.எச். மீட்டரும் நிலையாக நிற்காது. உரம் கலந்த பிறகே அளவெடுங்கள். பி.எச். தினமும் 5.5க்குக் கீழே இறங்கினால் பாக்கெட்டில் அம்மோனியம் அதிகமா என்று பாருங்கள். அவசரத்துக்கு 20, 30 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட்டை ஒரு வாளி நீரில் கரைத்து மெதுவாகத் தொட்டியில் ஊற்றலாம். மொத்தமாகக் கொட்டினால் அந்த இடத்தில் கால்சியம் கார்பனேட் பால்போலத் திரளும்.

மலைக்கே உரிய இன்னொரு சிக்கல் மஞ்சு, அதாவது மூடுபனி. இலை நீராவி விட்டால்தான் கால்சியம் மேலே ஏறும். நாள்கணக்கில் மஞ்சு மூடிக் கிடந்தால், தொட்டியில் போதிய கால்சியம் இருந்தும் உள் இலை கருகும். அப்போது கூடுதலாகக் கால்சியம் போடுவது பயன்தராது. உப்பைக் கூட்டினால் வேர் நீர் எடுப்பதும் குறையும். மின்விசிறி வைத்து இலைகளுக்கிடையே காற்றை ஓடவிடுங்கள், இ.சி.யைக் கொஞ்சம் இறக்குங்கள். உருண்டை கட்டும் ரகத்தைவிட, விரிந்து வளரும் ரகங்கள் இந்தப் பருவத்தை நன்றாகத் தாங்கும்.

தேங்காய்நார்த் துகளில் ஸ்ட்ராபெரி வைப்பவர்கள் ஒன்றை விட்டுவிடாதீர்கள். புதிய துகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே விடும். மென்னீரில் எத்தனை முறை அலசினாலும் ஒட்டியிருக்கும் சோடியம் முழுதாகப் போகாது. 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, அலசிவிட்டு நடுங்கள்.

கோடையில் ஊற்று வற்றி லாரித் தண்ணீர் வாங்கினால் மறுபடி சொட்டு எண்ணுங்கள். 5 மில்லியில் கூடும் ஒவ்வொரு சொட்டுக்கும், 1,000 லிட்டருக்குச் சுமார் 25 கிராம் கால்சியம் நைட்ரேட்டைக் குறைக்கலாம். குறையும் தழைச்சத்தைப் பொட்டாசியம் நைட்ரேட்டால் ஈடுகட்டுங்கள். கடினமாக இருக்கிறதே என்று வீட்டில் நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவியில் விட்டு எடுக்காதீர்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தரும். சோடியம் பயிருக்குத் தேவைப்படாது, தொட்டியிலேயே தங்கி நாளுக்கு நாள் சேரும். மழைநீரைப் பிடித்து வைத்திருந்தால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். கடினத்தன்மையும் அதே கணக்கில் இறங்கும்.

நன்றி, வணக்கம்.