கடலடிச் சேற்றின் கணக்கு

அவையோருக்கு வணக்கம்.

கடலடியில் அருமண் தனிமங்கள் எனும் உலோகங்கள் குவிந்து கிடப்பதாகச் செய்தி வரும்போதெல்லாம் ஓர் எண்ணும் கூடவே வருகிறது: டன்னுக்கு இத்தனை கிராம். அந்த எண்ணை மட்டும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அந்தத் தனிமங்கள் எந்தக் கனிமத்துக்குள் இருக்கின்றன என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கரையோரக் கருமணலில் அவை பெரும்பாலும் மோனசைட் என்னும் கனிமத்தில் இருக்கின்றன. செரியம், லாந்தனம், நியோடிமியம் நிறையக் கிடைக்கும்; கதிரியக்கத் தோரியமும் சேர்ந்தே வரும். ஆழ்கடல் சேற்றின் கதை வேறு. 2011-இல் ஜப்பானின் யசுஹிரோ கட்டோ குழு, பசிபிக் கடலடியில் அருமண் செறிந்த சேறு பரவியிருப்பதை வெளியிட்டது. 2013-இல் பசிபிக்கிலுள்ள ஜப்பானின் மினாமிதோரிஷிமா தீவருகே டன்னுக்கு 5,000 கிராமையும் தாண்டிய சேறு கிடைத்தது. அங்கே தனிமங்களைப் பிடித்து வைத்திருப்பவை மீன்களின் பற்களும் எலும்புத் துணுக்குகளும்! உயிரோடு இருந்த மீன் சேர்த்து வைத்ததல்ல அது. மண் மிக மெதுவாகப் படியும் இடத்தில் நெடுங்காலம் கிடந்து, கடல்நீரிலிருந்தும் மண்ணிடை நீரிலிருந்தும் அவை மெல்ல மெல்ல ஈர்த்துக்கொண்டவை. பற்களும் எலும்புகளும் ஆன இந்தக் கால்சியம் பாஸ்பேட் நீர்த்த அமிலத்திலேயே கரைந்துவிடும். மோனசைட்டைப் பிளக்கவோ சூடான அடர் அமிலமோ காரமோ வேண்டும்.

ஆய்வகத்தில் இந்த வேறுபாடே கணக்கைக் கெடுக்கிறது. மாதிரியை வீரியம் குறைந்த அமிலத்தில் கரைத்தால் மோனசைட்டும் சிர்கான் என்னும் கனிமமும் அடியில் தங்கிவிடும். உள்ளதைவிடக் குறைவாகவே விடை வரும். லித்தியம் போரேட்டுடன் உருக்கிக் கரைப்பதே நம்பகமான வழி. அருமண் தனிமங்களில் ஒன்றான யூரோப்பியத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ஆழ்கடல் மண்ணில் பேரியம் மிகுதி. அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறைமானியின் பிளாஸ்மாவில், அதாவது மிகச் சூடான வாயுவில், அது ஆக்சிஜனோடு இணைந்து 151, 153 என்ற நிறைகளில் யூரோப்பியமாக வேடமிட்டு நிற்கும். திருத்தாமல் விட்டால் இல்லாத யூரோப்பியத்தை இருப்பதாக எழுதிவிடுவோம். உலர்ந்த சேற்றில் படிந்த கடலுப்பின் எடையையும் கழித்தாக வேண்டும்.

மாதிரி எடுக்கும் விதத்தைப் பற்றியும் ஒரு சொல். மினாமிதோரிஷிமாவின் செறிந்த அடுக்கு கடலடிக்குச் சில மீட்டர் கீழே இருக்கிறது. மேல்மண்ணை அள்ளி வரும் கருவி அதைத் தொடவே தொடாது. நீண்ட குழாயைச் செருகி எடுக்க வேண்டும். ஒரு குழாய்க்கும் அடுத்ததற்கும் இடையே பல கிலோமீட்டர் மண் பார்க்கப்படாமலே கிடக்கும். குழாய்களின் இடைவெளி, அடுக்கின் தடிமன், கரைத்த முறை, தனிமங்களைத் தாங்கும் கனிமம் ஆகியவற்றைச் சொல்லாத அறிக்கை எத்தனை லட்சம் டன் என்று எழுதினாலும் அதை இருப்புக் கணக்கில் சேர்க்க நான் ஒப்பமாட்டேன்.