கடைக்காரரின் நம்பிக்கை காலண்டர் ஆர்டரில் தெரியும்

(திரையில்: கடைச் சுவரில் தினசரி காலண்டர், தாளைக் கிழிக்கும் ஒரு கை)

வணக்கம். ஆடிப்பெருக்கு அன்றைக்கு சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அப்புறம் ஏஜென்டுகள் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கடை ஏறுவார்கள். முருகன், லட்சுமி, அருவி, குழந்தை என்று ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டிவிட்டு, "அண்ணாச்சி, இந்த வருஷம் எத்தனை போடலாம்?" என்று கேட்பார்கள். எப்போதும் ஐந்நூறு போடுகிறவர் "இருநூறு போதும் தம்பி" என்றால், வரப்போகும் வியாபாரத்தை அவர் மனதுக்குள் எடை போட்டுவிட்டார் என்று அர்த்தம்.

இந்த மனநிலையை முறையாக அளக்கவும் செய்கிறார்கள். சிறு நிறுவனங்களுக்காக கிரிசில் என்ற தரமதிப்பீட்டு நிறுவனமும், சிறு தொழில்களுக்கான வங்கியான சிட்பியும் சேர்ந்து 2018ல் கிரிசிடெக்ஸ் என்ற குறியீட்டைக் கொண்டுவந்தன. 0 முதல் 200 வரை ஒரு அளவுகோல், நடுவில் இருக்கும் 100ஐத் தாண்டினால் நம்பிக்கை, அதற்குக் கீழே போனால் கலக்கம்.

(திரையில்: கல்லாப்பெட்டி)

ஆனால் தெருக்கடையின் பயம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கல்லாவில்தான் பார்க்க வேண்டும். வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே பெட்டியில் கிடக்கும், பிள்ளையின் ஃபீஸ், சரக்குக்காரர் பாக்கி, வாடகை எல்லாம் அதிலிருந்தே போகும். 2016 நவம்பர் 8 இரவு பணமதிப்பிழப்பு, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, 2020 மார்ச்சில் ஊரடங்கு என்று அடுத்தடுத்து அடி வாங்கியவர்கள் ஒரு மாதம் டல்லடித்தாலே கையை இறுக்கிக்கொள்வதில் தப்பே இல்லை. வாடகையை நிறுத்த முடியாது, சம்பளத்தை நிறுத்த முடியாது. விளம்பரத்தை நிறுத்தினால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள், அதனால் முதலில் அதுதான் போகும். பாதிப்பு உடனே தெரிவதில்லை, மூன்று நான்கு மாதம் கழித்துப் புது முகம் வருவது குறைந்திருக்கும், அப்போது பழியெல்லாம் எதிரே வந்த பெரிய கடை மேல் விழும்.

சரி, எதைத்தான் குறைப்பது? பேப்பருக்குள் வைக்கும் நோட்டீஸ், பேப்பரை உதறும்போதே கீழே விழுந்துவிடும். கடை திறப்புக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் அது போதும், மாதாமாதம் தேவையில்லை. ஃப்ளெக்ஸ் பேனருக்கு உள்ளாட்சி அனுமதி வாங்க வேண்டும், காற்றில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து, நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குக் காசு இல்லை, ஆனால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அதையும் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறவர்கள்தான் பார்ப்பார்கள்.

காலண்டர் அப்படியில்லை. ராகுகாலம் பார்க்க, கல்யாணத் தேதி குறிக்க, வீட்டில் யாராவது தினமும் அதன் முன்னால் நிற்பார்கள், உங்கள் கடைப் பெயரும் போன் நம்பரும் வருடம் முழுக்கக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஜவுளிக்கடை மஞ்சப்பையும் இதே மாதிரிதான், துணி வாங்கிய பிறகும் மார்க்கெட்டுக்கும் ஊருக்கும் பல வருடம் போய்வரும். இந்த இரண்டையும் கடைசியாகக் குறையுங்கள், தயவுசெய்து.

அப்புறம் கூகுள் மேப். அதில் கடையைச் சேர்க்க ஒரு ரூபாய் கூட வேண்டாம், ஆனாலும் பலர் நேரத்தைச் சரியாகப் போடுவதில்லை. மேப்பில் திறந்திருக்கிறது என்று பார்த்து, மதிய வெயிலில் ஒரு கடைக்குப் போய்ப் பூட்டின ஷட்டர் முன்னால் நின்றிருக்கிறேன். பக்கத்துத் தெருவில் வாங்கினேன், இப்போதும் அங்கேதான் வாங்குகிறேன்.

(திரையில்: பில் புக் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு)

ஏஜென்ட் உங்கள் கடைக்கு வருவதற்கு முன்னால் ஒரு மாதம் மட்டும் இதைச் செய்து பாருங்கள். புதிதாக வருகிறவரிடம் "நம்ம கடை எப்படித் தெரியும்?" என்று கேட்டு, காலண்டர், பை, மேப், தெரிந்தவர் சொன்னது என்று நாலு பத்தி போட்டு ஒரு கோடு கிழியுங்கள். எத்தனை காலண்டர் போடுவது என்று அந்த நோட்டைப் பார்த்து ஏஜென்டிடம் சொல்லலாம்.