ரவுண்டானா கட்சிக்காரனின் ஒரு சங்கடம்

அவைத் தலைவர் அவர்களே, நண்பர்களே,

"சிக்னலா, ரவுண்டானாவா?" என்று தலைப்பு கொடுத்துவிட்டீர்கள். மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்: நான் ரவுண்டானா கட்சி. என் கட்சியில் ஓர் ஓட்டை உண்டு. அதையும் காட்டிவிட்டுத்தான் மேடையிலிருந்து இறங்குவேன்.

பஸ் நின்றதும் இறங்குகிறவர்களுக்கு வழிவிடாமல் ஏறுகிறவர்கள் முண்டினால் என்ன ஆகும்? ஒருவரும் அசைய முடியாது. பழைய ரவுண்டானாக்களின் கதியும் அதுதான். புதிதாக வருகிறவர்களெல்லாம் உள்ளே புகுந்துவிட, சுற்றிக்கொண்டிருப்பவர் வெளியேற வழியின்றி நிற்பார். 1966 நவம்பரில் பிரிட்டன் ஒரே ஒரு விதி போட்டது: உள்ளே சுற்றுகிறவருக்கே முதல் உரிமை, வருகிறவர் காத்திருக்க வேண்டும். முடிச்சு அவிழ்ந்தது. பாரிஸின் வெற்றி வளைவைச் சுற்றி இன்றும் பழைய முறைதான். வலப்புறமிருந்து நுழைகிறவருக்காக, சுற்றிக்கொண்டிருப்பவர் நடுவழியில் நிற்கிறார். அந்த வேடிக்கையைப் பார்க்கவே கூட்டம் கூடுகிறது!

நான்கு சாலைகள் கூடும் சந்திப்பில் வண்டியும் வண்டியும் முட்டக்கூடிய இடங்கள் 32. வண்டிகள் ஒரே வரிசையில் சுற்றும் ஒற்றைத் தட ரவுண்டானாவில் எட்டே எட்டு. அந்த எட்டிலும் நேருக்கு நேர் மோதலோ, விலாவில் இடிப்பதோ கிடையாது, பெரும்பாலும் உரசல்தான். சிக்னலை நம்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பச்சை விளக்கு வேகத்தைக் குறைப்பதில்லை, விழுந்தால் போதும், மிதிக்கச் சொல்கிறது. ரவுண்டானாவிலோ சாலையே வளைந்து பிரேக்கை மிதிக்க வைக்கிறது. அமெரிக்காவில் சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றிய இடங்களில் காயம் உண்டாக்கும் விபத்துகள் ஏறக்குறைய முக்கால்வாசி குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன.

நடப்பவருக்கு? ஒற்றைத் தடமாக இருந்தால் நல்லதுதான். ஜீப்ரா கோடு வட்டத்தின் வாயிலிலிருந்து ஒரு கார் நீளம் தள்ளி இருக்கும், நடுவில் நிற்கச் சிறு திட்டு இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு திசையைப் பார்த்தால் போதும். நம் ஊரிலோ நடுவில் நீரூற்று, சிலை, பூங்கா என்று வட்டத்தைப் பெருக்கி, மூன்று வண்டிகள் சேர்ந்தாற்போல் பறக்க இடம் விட்டுவிடுகிறோம். முதல் கார் நின்று வழிவிடும். அதன் மறைவில் வரும் இரண்டாவது நிற்காது.

அப்படி ஒரு வட்டத்தின் ஓரத்தில் பார்வையற்ற நண்பர் ஒருவரோடு நின்றேன். கைத்தடியின் நுனியை நடைபாதை விளிம்பில் ஊன்றித் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சிக்னலில் குறுக்கே ஓடும் இரைச்சல் அடங்கிப் பக்கத்துச் சாலை வண்டிகள் உறுமிக் கிளம்பினால், தன் முறை வந்தது என்று அவருக்குத் தெரியும். இங்கே இரைச்சல் அடங்குவதே இல்லை. சுற்றிக்கொண்டே போகிற கார் எது, தன் பக்கம் திரும்பி வெளியே வரப்போகிற கார் எது என்று காதால் பிரிக்க முடிவதில்லை. இதற்காகவே, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளுக்கு விதி வகுக்கும் அமெரிக்காவின் அணுகல் வாரியம் 2023-இல் வெளியிட்ட விதிகளில், பல தடங்கள் உள்ள ரவுண்டானாவில் கடக்கும் இடத்தில் சிக்னலோ, பொத்தானை அழுத்தினால் மின்னும் விளக்கோ, மேடாக்கிய கடவையோ வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஆக, ரவுண்டானாவுக்கே விளக்கு!

நண்பர் ஐந்து நிமிடம் போல நின்றிருப்பார். கையைப் பிடித்து அழைத்துப் போகிறேன் என்றேன். "நாளைக்கு யார் வருவார்கள்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி, அடுத்த சிக்னலை நோக்கி நடக்கத் தொடங்கினார். என் கட்சியை அங்கேயே விட்டுவிட்டு நானும் பின்னால் போனேன்.