எட்டு வீடு, ஒரு மொட்டைமாடி

நேயர்களுக்கு வணக்கம்.

மேற்கு மாம்பலம், மயிலாப்பூர், நங்கநல்லூர், அடையாறு என்று சென்னையின் எந்தப் பழைய தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரே சாயலில் சில கட்டடங்கள் நிற்கும். இரண்டு கிரவுண்டு மனை, தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு மூன்று மாடி, எட்டு வீடு. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் பெட்டிகளும் மோட்டார் சுவிட்சும் இருக்கும். 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் கட்டப்பட்டவை இவை. முப்பது நாற்பது வயதாகிவிட்டது.

இந்த வீடுகளுக்கு உள்ளே போனால் புது டைல்ஸ், புதுச் சமையலறை, ஃபால்ஸ் சீலிங் எல்லாம் பளிச்சென்று இருக்கும். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் சன்ஷேடில் காரை பெயர்ந்து கம்பி தெரியும். வாசற்கதவுக்கு உள்ளே இருப்பதுதான் நம்முடையது, வெளியே இருப்பது அசோசியேஷன் பாடு என்று நினைக்கிறோம். ஆனால் கட்டடத்தின் ஆயுளைத் தாங்குகிற மொட்டைமாடி, தூண், குழாய், கழிவுநீர்த் தொட்டி எல்லாமே கதவுக்கு வெளியேதான் இருக்கின்றன. அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். அது எந்த வழியாக இறங்குகிறதோ அதே வழியில் நாமும் மேலிருந்து கீழே வருவோம்.

மொட்டைமாடியில் கான்கிரீட் தளத்துக்கு மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லியை மூன்று அங்குல கனத்துக்குக் கொட்டி, கட்டையால் தட்டி இறுக்கி, அதற்கு மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். மேஸ்திரிகள் இதை வெதரிங் கோர்ஸ் என்பார்கள். நல்ல ஏற்பாடுதான், வெயிலையும் மழையையும் தாங்கும். காலப்போக்கில் ஓடுகளின் இடுக்கில் பூசிய கலவை உதிர்ந்துவிடும். அந்த இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் செங்கல் ஜல்லிக்குள் தங்கிவிடும். மழை நின்று பத்து நாள் ஆன பிறகும் மேல்மாடி வீட்டின் சீலிங்கில் ஓதம் ஏறுவது இதனால்தான்.

கசிந்தால் பலரும் செய்வது, பழைய ஓட்டின் மேலேயே கலவை போட்டுப் புது டைல்ஸ் ஒட்டுவது. இதைச் செய்யாதீர்கள். ஒரு சதுர அடியில் இரண்டு அங்குல கனத்துக்குக் கலவை போட்டால் ஏறக்குறைய பத்து கிலோ எடை. இரண்டாயிரம் சதுர அடி மொட்டைமாடிக்குக் கணக்குப் போட்டால் இருபது டன். ஏற்கெனவே கம்பி துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும் தளத்தின் தலையில் இருபது டன்னை ஏற்றுகிறோம். உள்ளே தங்கிய ஈரமும் வெளியேற வழியில்லாமல் கீழே இறங்கும்.

சரியான வழிக்குச் செலவும் நாளும் கூடுதலாகப் பிடிக்கும். பழைய ஓட்டையும் ஜல்லியையும் பெயர்த்து எடுத்துவிட்டுத் தளத்தை நன்றாகக் காயவிட வேண்டும். விரிசல்களை வெட்டித் திறந்து அடைக்க வேண்டும். நீர்த்தடுப்புப் பூச்சைத் தளத்தோடு நிறுத்தாமல் கைப்பிடிச் சுவரில் ஓர் அடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும், ஏனென்றால் தளமும் சுவரும் சேரும் அந்த மூலைதான் முதலில் வாய் பிளக்கும். பிறகு புதிதாக வாட்டம் பிடித்து ஓடு பதிக்க வேண்டும். பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு இருக்கட்டும். பிப்ரவரி முதல் மே வரை இதற்கு ஏற்ற காலம். அக்டோபரில் ஈரத்தளத்தின் மேல் பூசினால் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அடுத்த கோடையில் உரிந்து கையோடு வந்துவிடும்.

கைப்பிடிச் சுவர் மூலையில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வேர் உள்ளே இருந்தால் மறுபடியும் துளிர்க்கும். அந்த இடத்துப் பூச்சை உடைத்து, வேர் போகும் வரைக்கும் தோண்டி எடுத்துவிட்டுப் பூசுங்கள். தண்ணீர்த் தொட்டி விஷயத்திலும் கவனம் வேண்டும். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். கூடுதலாக ஒரு தொட்டி வைப்பதானால் பீம்களுக்கு மேல் சுவர் எழுப்பி அதன்மேல் வையுங்கள், தளத்தின் நடுவில் வேண்டாம்.

அடுத்தது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. புதுக் கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம். அதுவே கம்பிக்கு ஒரு போர்வை மாதிரி, துருவை அண்டவிடாது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்க இறங்க அந்தக் காரம் குறையும். கடலோர ஊர் என்பதால் உப்புக் காற்றும் உண்டு. உப்பான போர் தண்ணீரில் கலவை போட்ட கட்டடம் என்றால் உப்பு உள்ளேயே இருக்கிறது. பழைய தளங்களில் கம்பிக்குக் கீழே அரை அங்குலம், முக்கால் அங்குலம்தான் கான்கிரீட் இருக்கும். அதையும் தாண்டி ஈரம் சேர்ந்ததும் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அந்த நெருக்கத்தில் கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து விழும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். சீலிங்கிலோ தூணிலோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஒரு விரிசல் ஓடினால், உள்ளே அதே வரிசையில் ஒரு கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. பழுப்பு நிறக் கறை வழிந்தாலும் அப்படித்தான். சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். பெயர்ந்த இடத்தில் காலிப் பானையைத் தட்டின மாதிரி ஒலிக்கும். சாக்பீஸால் சுற்றி வட்டம் போட்டு வைத்தால், எவ்வளவு பரப்பு கெட்டிருக்கிறது என்று இன்ஜினியரிடமும் ஒப்பந்தக்காரரிடமும் பேசக் கையில் கணக்கு இருக்கும்.

பழுது பார்ப்பதில்தான் ஏமாற்றம் நிறைய நடக்கிறது. தெரிகிற துருவின் மேல் ஏதோ ஒரு திரவத்தைத் தடவி, சிமென்ட் கலவையை அப்பி, பெயின்ட் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு மழைக்காலத்தில் அது மொத்தமாகக் கழன்று விழும். வேலை நடக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான். முதலில் அந்த இடத்துக்குச் சவுக்குக் கம்போ இரும்பு ஜாக்கியோ முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கம்பியின் முதுகுப்பக்கத்திலும் விரல் நுழைகிற அளவுக்குக் கான்கிரீட்டை வெட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் துரு நான்கு பக்கமும் இருக்கிறது. கம்பியைச் சுரண்டினால் பிஸ்கட் அடுக்கு மாதிரித் துரு உரிந்து வரும். அது போய்ப் பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். இளைத்துப்போன கம்பிக்குத் துணையாகப் புதுக்கம்பி சேர்க்க வேண்டுமா என்று கட்டமைப்பு இன்ஜினியர் அந்தக் கட்டத்தில் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். தேய்த்த அன்றே துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்துவிட வேண்டும், நம் ஊர்க் காற்றில் மறுநாளே மறுபடியும் துரு படியும். பிரைமர் காய்ந்த பிறகு பழைய கான்கிரீட்டின் மேல் ஒட்டுப்பசை தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பாலிமர் கலந்த கலவையை அரை அங்குலம் அரை அங்குலமாக ஏற்ற வேண்டும். பிறகு ஏழு நாள் ஈரச்சாக்கு. ஒப்பந்தத்தை இத்தனை சதுர அடி என்று மட்டும் எழுதாமல் இந்தப் படிகளையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

விரிசல் எல்லாமே ஆபத்தானதல்ல. பூச்சில் வலை பின்னினாற்போல் ஓடுகிற மெல்லிய கீறலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, தூணில் நிற்பது, பீமின் நடுவில் கீழிருந்து மேலேறுவது ஆகியவற்றுக்குத்தான் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டினால் அது இன்னும் வளர்கிறது. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் சரிந்து விழுந்தது. 1990களில் கட்டிய கட்டடம். விரிசல் பெரிதாவதைப் பார்த்துக் குடியிருந்தவர்கள் முன்னாலேயே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு மாடிக் கட்டடங்கள் பலவற்றில் தூணே கிடையாது, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் பாரம் தாங்குகிறது. ஹாலைப் பெரிதாக்க அப்படியொரு சுவரை எடுத்தால் மேலே இருக்கும் வீட்டின் காலை வெட்டுகிறோம். எல்லா மாடியிலும் ஒரே இடத்தில் ஒன்பது அங்குலச் சுவர் வந்தால், அது பாரச்சுவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏசி குழாய்க்காக பீமில் ஓட்டை போடுவதையும் அசோசியேஷன் அனுமதிக்கவே கூடாது.

இப்போது குளியலறைக் கசிவு. மேல்வீட்டுக்காரரையும் கீழ்வீட்டுக்காரரையும் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆக்குவது இதுதான். சண்டைக்கு முன்னால் சோதனை செய்யுங்கள். கீழ்வீட்டு சீலிங்கில் ஓதம் பரவிய விளிம்பைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். இரவில் மேல்வீட்டுக்குத் தண்ணீர் வரும் வால்வை மொட்டைமாடியில் மூடிவிடுங்கள். காலையில் சொட்டு நின்றிருந்தால் தப்பு வரத்துக் குழாயில்தான். துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய்கள் (ஜிஐ) மரைப் பகுதியில்தான் அரிக்கும், போர் தண்ணீரின் உப்பு அதை விரைவுபடுத்தும். சுவருக்குள் இருக்கும் பழைய குழாயை அப்படியே செயலிழக்கச் செய்துவிட்டுப் புதிதாக சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் ஓட்டுங்கள். வால்வை மூடியும் சொட்டு நிற்கவில்லை என்றால் தரைப்பக்கம் பாருங்கள். தரையிலுள்ள வடிகால் வாயைத் துணிப்பந்தால் அடைத்து, ஓர் அங்குலத் தண்ணீரில் சாயம் கலந்து ஒரு நாள் நிறுத்துங்கள். கீழே சாயம் தெரிந்தால் தரையில் ஓட்டை. தெரியாமல், அடைப்பை எடுத்துத் தண்ணீர் விட்டதும் கசிந்தால் வடிகால் வாய்க்கு அடியில் பதித்திருக்கும் நானி ட்ராப் என்ற கிண்ணத்தைச் சுற்றியோ கழிவுக் குழாயிலோதான் கோளாறு. வீட்டுக்குள் இருக்கும் தரைக்கும் குழாய்க்கும் மேல்வீட்டுக்காரர் செலவு செய்வதும், எல்லா மாடிக்கும் பொதுவாக இறங்கும் செங்குத்துக் குழாய்க்கு அசோசியேஷன் செலவு செய்வதும் நடைமுறையில் ஒத்துவருகிற ஏற்பாடு. இதை ஒருமுறை பொதுக்குழுவில் தீர்மானமாக எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை வாக்குவாதம் இராது.

கீழே இறங்கினால் கழிவுநீர். அன்றைய கட்டடங்களில் பீங்கான் குழாய் புதைத்திருப்பார்கள், இரண்டடிக்கு ஓர் இணைப்பு. அதில் வேர் நுழையும், கசியும். சின்ன மனையில் சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். சம்ப்பில் தண்ணீர் குறைந்த நாளில் மட்டும் வாடை அடித்தால், வெளியே ஊறிய கழிவு சம்ப்பின் சுவர் வழியாக உள்ளே வருகிறது என்று பொருள். நிறைந்திருக்கும்போது தண்ணீரின் அழுத்தம் அதை உள்ளே விடாது, அதனால்தான் அன்றைக்குத் தெரிவதில்லை. சம்ப்பை மட்டும் கழுவிப் பயனில்லை, குழாயைப் பிவிசிக்கு மாற்ற வேண்டும்.

மொட்டைமாடி மழைநீர்க் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்றும் பாருங்கள். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வெட்டிய குழிகள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. அடைத்த குழியைத் தூர் வாராமல் குழாயைக் கழிவுநீர்த் தொட்டியில் திருப்பிவிட்ட கட்டடங்கள் உண்டு. இரண்டாயிரம் சதுர அடியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் பதினெட்டாயிரம் லிட்டருக்கும் மேல். அவ்வளவும் ஒரே நேரத்தில் தொட்டிக்குள் பாய்ந்தால் தரைத்தள வீட்டின் கழிப்பறை வழியாகத்தான் பொங்கி வெளியே வரும்.

இந்த வேலைகளுக்குப் பணம்? மொட்டைமாடி ஒழுகினால் தரைத்தளத்துக்காரர் "அது மூணாவது மாடிக்குத்தானே" என்பார். கழிவுநீர் பொங்கினால் மூன்றாவது மாடிக்காரர் "எங்க வீட்ல ஒண்ணும் தெரியலையே" என்பார். மனையும் கூரையும் தூணும் எட்டுப் பேருக்கும் உரியவை, செலவும் எட்டுப் பேருக்கும்தான். மாதாந்திரப் பராமரிப்புக் கணக்கு வேறு, பெரிய பழுதுக்கான கையிருப்புக் கணக்கு வேறு என்று பிரித்து, இருவர் கையெழுத்தில் வங்கியில் வையுங்கள். காவலாள், தண்ணீர் போன்றவற்றைச் சமமாகப் பிரிக்கலாம். கட்டடப் பழுதைப் பரப்பளவுப்படி பிரிப்பதுதான் நியாயம். செலவு குறையவும் ஒரு வழி உண்டு. பத்து வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளின் பொது மின் இணைப்புக்கு 2023 அக்டோபரில் தனியாகக் குறைந்த கட்டணம் அறிவிக்கப்பட்டது. உங்கள் இணைப்பு அந்த வகையில் சேர்ந்திருக்கிறதா என்று மின் கட்டண ரசீதில் பாருங்கள்.

எவ்வளவு பழுது பார்த்தாலும் தாங்காது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டால் இடித்துக் கட்டுவதுதான் வழி. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்கு அதில் வழியிருக்கிறது. பில்டரைத் தேடுவதற்கு முன்னால் எட்டுப் பத்திரங்களையும் ஒரே மேஜையில் வைத்து, ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும் பிரிக்கப்படாத மனைப் பங்கை, அதாவது மொத்த மனையில் அந்த வீட்டுக்குச் சேரும் பங்கை, கூட்டுங்கள். இரண்டு கிரவுண்டு என்றால் 4,800 சதுர அடி வர வேண்டும். 4,300தான் வருகிறது என்றால், மீதி 500 சதுர அடி இன்னும் பழைய மனைக்காரர் பெயரிலோ கட்டிக்கொடுத்தவர் பெயரிலோ நிற்கிறது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து இப்போதே பேசி முடிக்க வேண்டும். உரிமையாளர் காலமான வீடுகளில் வாரிசுச் சான்றிதழும் பெயர் மாற்றமும் நிலுவையில் இருக்கும், அதையும் முடித்து வையுங்கள். வாரிசு வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, தன் சார்பில் இங்கே இன்னொருவர் கையெழுத்திட உரிமை தரும் அதிகாரப் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். அந்தத் தேதியைத் தபால் உறையின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.