கரும்பு இழுத்த இன்ஜின்

(டர்பனில் ஒரு பொங்கல் விழா மேடையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். தமிழ் வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள், நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள் என்று எனக்குக் கட்டளை. பேசப்போவது ரயிலைப் பற்றி. தூங்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மகனைப் பார்க்கக் கலிபோர்னியா போயிருந்தபோது பேத்தி என்னை டிஸ்னிலேண்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். 1955 ஜூலையில் பூங்கா திறந்த நாள் முதல் அதைச் சுற்றி நீராவி ரயில் ஓடுகிறது. பொம்மை ரயில்தானே என்று அலட்சியமாகத்தான் ஏறினேன். ஆனால் கொதிகலன் உண்மையானது, நெருப்பும் உண்மையானது. 2009இல் எரிபொருளைக்கூட மாற்றினார்கள்: பூங்காச் சமையலறைகளில் மிஞ்சும் எண்ணெயிலிருந்து எடுத்த டீசல். வடை சுட்ட எண்ணெயை என்ன செய்வதென்று விழிக்கும் நம் கோயில் மடைப்பள்ளிக்கு யாராவது சொல்லுங்கள்.

அங்குள்ள ஐந்து இன்ஜின்களில் இரண்டு அவர்களே கட்டியவை. மற்றவை வேறெங்கோ உழைத்துக் களைத்தவை. அவற்றில் ஒன்றுக்குப் பெயர் பிரெட் கர்லி. 1894இல் பிலடெல்பியாவின் பால்ட்வின் தொழிற்சாலையில் பிறந்து, லூசியானாவில் கரும்பு இழுத்தது. கரும்பு! அந்தச் சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் தாத்தா நம் தெற்குக் கடற்கரைக் கரும்பு ஊரான செசேலாவில் ரயில் வண்டியில் கரும்பு ஏற்றியவர். ஓடும் வண்டியிலிருந்து கழி உருவி, சர்தாரிடம், அதாவது கங்காணியிடம், அடிவாங்கிய கதையை அப்பா சலிக்காமல் சொல்வார்.

ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். அந்த இன்ஜின் ஓடிய லஃபூர்ஷ் வட்டாரத்தில், அது பிறப்பதற்கு ஏழு ஆண்டு முன்பு, 1887 நவம்பரில், கறுப்பினக் கரும்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாளுக்கு ஒன்றேகால் டாலர் கொடு, தோட்டத்துக் கடையில் மட்டும் செல்லும் சீட்டு வேண்டாம், காசாகக் கொடு என்றார்கள். திபடோ ஊரில் ஆயுதமேந்திய வெள்ளையர் அவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். செத்தவர்களுக்குச் சரியான கணக்குகூட இல்லை.

இங்கே? 1860 ஜூன் 26 அன்று டர்பனில் தென்னாப்பிரிக்காவின் முதல் ரயில் ஓடியது. நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த 342 பேருடன் வந்து நின்றது. ஐந்து மாதம்கூட இடைவெளி இல்லை. கிர்மிட் என்று நம்மவர் சொன்ன அந்தக் கூலி ஒப்பந்தத்தின் கணக்கு ஐந்தாண்டு, முதலாண்டுச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். 1913இல், ஒப்பந்தம் முடிந்தும் இங்கே தங்கிய இந்தியர்மீது போட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்த வேலைநிறுத்தத்தில், செசேலாவுக்குப் பக்கத்திலேயே எஸ்பெரான்சாவில் நம் ஆட்கள் சுடப்பட்டார்கள். இந்தக் கடற்கரையையும் லூசியானாவையும் பார்த்தால், ஒரே ஏட்டிலிருந்து பார்த்து எழுதியது போலத் தோன்றுகிறது.

பிறகு லாரி வந்தது, தண்டவாளம் போனது. செசேலாவின் சின்ன இன்ஜின்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், ஏவன்சைட் பட்டறையில் செய்யப்பட்டவை. அவற்றில் சில கடல் கடந்து இங்கிலாந்துக்கே திரும்பி, ஆர்வலர்கள் கைபட்டுப் புது வண்ணத்தில் நிற்கின்றன. எனக்குக் கோபமில்லை. வேடிக்கை பார்க்க ஆள் வந்ததால்தான் அவை பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லை. ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் என்ன, நெருப்பு அணையவில்லையே. ஆனால் ஒன்று கேட்பேன். பளபளக்கும் பித்தளைத் தகட்டில் யார் கட்டினார்கள், எந்த ஆண்டு என்று இருக்கும். கரும்பை யார் ஏற்றினார்கள் என்பதற்கு அதே அளவில் இன்னொரு தகடு வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

படித்ததைப் பேத்திக்குத் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்: “கரும்பை எங்கே வைப்பார்கள், தாத்தா?”

“நாம் உட்கார்ந்து வந்தோமே, அங்கேதான்” என்றேன்.